கனடா ஒர்க் பெர்மிட்: எல்எம்ஐஏ தாளைக் காட்டாமல் ஏஜென்ட் பணம் கேட்கிறார், என்ன செய்வது?

குழாய்வெல்டர்

எல்லோருக்கும் வணக்கம். நான் 9 வருடமாக வெல்டிங் வேலை செய்கிறேன். பைப் வேலைதான் அதிகம். டிக், ஆர்க் இரண்டும் நன்றாக வரும், சாய்வாக நிறுத்திய பைப்பை வெல்டு செய்யும் 6ஜி டெஸ்ட் பலமுறை கொடுத்துத் தேறியிருக்கிறேன். நடுவில் 3 வருடம் வெளிநாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தேன்.

இப்போது ஒரு ஏஜென்ட் மூலமாக கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. மணிக்கு 38 டாலர், 2 வருட வேலை. எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க அரசு தரும் அனுமதி, ரெடியாக இருக்கிறது, விசா 2 மாதத்தில் வந்துவிடும் என்கிறார். அதற்கு மொத்தம் 20,000 கனடா டாலர் கேட்கிறார். முதலில் 5,000 கட்டினால்தான் எல்எம்ஐஏவைக் கையில் கொடுப்பாராம். ஃபைல் திறக்க என்று 500 ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

வீட்டில் நகையை வைத்துப் பணம் புரட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள், இது சரியான முறைதானா?

பனிப்புல்வெளி

தம்பி, முதலில் நகையை வைக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

நான் 2016-இல் எல்எம்ஐஏ மூலமாகத்தான் அல்பர்டாவுக்கு வந்தேன். எல்எம்ஐஏ என்பது உங்களுடைய விண்ணப்பம் இல்லை, முதலாளியுடைய விண்ணப்பம். "இந்த வேலைக்கு இங்கே ஆள் தேடினேன், கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து எடுக்க அனுமதி கொடுங்கள்" என்று அவர் அரசின் வேலைவாய்ப்புத் துறையிடம் கேட்பது. ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்தாலும் சரி, ஏஜென்ட் மூலமாக வாங்கினாலும் சரி, தொழிலாளியிடம் திரும்பப் பெறக் கூடாது என்பது சட்டம். ஆள் பிடித்துக் கொடுக்கும் கட்டணத்துக்கும் இதேதான். 2022 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஏஜென்ட் வாங்கினால்கூட முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது நீங்கள் அரசுக்குக் கட்டுவது பெர்மிட்டுக்கு 155 டாலர், பயோமெட்ரிக்குக்கு (கைரேகையும் புகைப்படமும்) 85 டாலர். மருத்துவப் பரிசோதனை தனி. 20,000 எங்கிருந்து வருகிறது என்று அவரையே கேளுங்கள்.

எல்எம்ஐஏவை நீங்கள் பார்த்தீர்களா?

குழாய்வெல்டர்

முழுதாகப் பார்க்கவில்லை அண்ணா. முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நம்பர் இருக்கும் இடத்தில் பேனாவால் அடித்திருந்தது. "நம்பரைக் கொடுத்தால் நீயே அப்ளை பண்ணிவிடுவாய்" என்றார். ஆஃபர் லெட்டரில் கம்பெனி பெயர் இருக்கிறது, தெரு விலாசம் இல்லை. மெயில் ஜிமெயில் முகவரி.

கோப்புமேசை

நான் ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற ஒரு ஆலோசகரிடம் 4 வருடம் உதவியாளராக இருந்தவள். இந்த மாதிரித் தாள்கள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு எங்கள் மேசைக்கு வரும். பெரும்பாலும் பணம் போன பிறகுதான் வருவார்கள்.

நம்பரை மறைத்ததுக்கு அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. எல்எம்ஐஏ ஒரு முதலாளிக்கும் ஒரு வேலைக்கும் கொடுக்கப்படுவது. அந்த நம்பரும் முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இல்லாமல் நீங்கள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதாவது, அந்தத் தாள் எப்படியும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டியது. உண்மையான முதலாளி அதை உங்களுக்கே மெயிலில் அனுப்பிவைப்பார், ஒளித்து வைக்க அவருக்குத் தேவையில்லை.

கடிதம் வந்தால் மூன்று விஷயத்தைப் பாருங்கள். கம்பெனி பெயரும் வேலை செய்யும் இடமும் ஆஃபர் லெட்டரோடு பொருந்துகிறதா? சம்பளம், வேலை நேரம், வேலையின் பெயர் ஒன்றாக இருக்கிறதா? காலாவதி தேதி என்ன? இந்தத் தேதியைப் பலர் பார்ப்பதே இல்லை. 2024 மே முதல் எல்எம்ஐஏ 6 மாதத்துக்குத்தான் செல்லும். முன்பு 12 மாதம் இருந்தது. அந்தத் தேதிக்குள் நீங்கள் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

அப்புறம், எல்எம்ஐஏ கேட்கும் முதலாளி பொதுவாகக் குறைந்தது 4 வாரம் வேலை விளம்பரம் போட்டிருக்க வேண்டும். அரசின் ஜாப் பேங்க் தளத்தில் தேடினால் பெரும்பாலும் அந்த விளம்பரத்தின் தடம் கிடைக்கும். ஏஜென்ட் தன்னைக் குடியேற்ற ஆலோசகர் என்று சொன்னால், ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தைத் தொடவே கூடாது.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கம்பெனியின் தொலைபேசி எண்ணை ஆஃபர் லெட்டரிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடிக் கண்டுபிடித்து நேரடியாகக் கூப்பிடுங்கள்.

வந்துசேர்ந்தவன்

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி சொல்கிறேன். நான் 2019-இல் பணம் கொடுத்துத்தான் வந்தேன். இன்று பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்கிவிட்டேன், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். சட்டப்படி கூடாது என்று எல்லோரும் சொல்லலாம், ஆனால் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒருவனுக்கு எந்த முதலாளி சும்மா எல்எம்ஐஏ எடுத்துக் கொடுப்பான்? பணம் கொடுக்காதே என்று சொல்வது வெளிநாட்டுக்கே போகாதே என்று சொல்வதுபோல இருக்கிறது.

பனிப்புல்வெளி

உங்களுக்கு நல்லபடி முடிந்தது, சந்தோஷம். ஆனால் என்னோடு ஒரே அறையில் இருந்தவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம்.

அவரும் கடன் வாங்கிக் கட்டித்தான் வந்தார். ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி நேரம். வந்த இரண்டாவது மாதமே 25 மணி நேரமாகக் குறைத்தார்கள். மீதி நேரத்துக்கு வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாது, ஏனென்றால் பெர்மிட்டில் முதலாளி பெயர் அச்சாகியிருக்கும், அந்த ஒருவரிடம்தான் வேலை செய்யலாம். புகார் கொடுக்கலாம் என்றால், "நீயும்தானே பணம் கொடுத்தாய்" என்று மிரட்டினார்கள். தூங்கும் அறைக்கு வாடகை என்று சம்பளத்திலேயே பிடித்தார்கள். ஊருக்கு மாதாமாதம் வட்டி அனுப்ப வேண்டும். ராத்திரி ஃபோனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எட்டு மாதம் நான் அதைப் பார்த்தேன்.

கடைசியில் 2019 ஜூனில் தொடங்கிய ஒரு ஏற்பாடுதான் அவரைக் காப்பாற்றியது. முதலாளியின் கொடுமைக்கு ஆளாகிற, அல்லது ஆளாகும் ஆபத்தில் இருக்கிற தொழிலாளிக்கு எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய ஓபன் ஒர்க் பெர்மிட் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. அவர் வைத்திருந்த ஆதாரம்: பணம் அனுப்பிய பேங்க் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தினமும் வேலைக்குப் போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் பென்சிலால் குறித்து வைத்த ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டுதான் மிகவும் உதவியது என்று பிறகு சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன். கொடுத்த பணம் மட்டும் போவதில்லை. பணம் கொடுத்து வருகிறவனுக்கு வாய் திறக்கும் தைரியமும் சேர்ந்து போய்விடுகிறது.

யாழ்க்காற்று

தம்பி, நான் ஸ்காபரோவில் இருக்கிறன். அவசரப்படாதேங்கோ. கம்பெனிக்கு ஒருக்கா போன் எடுத்துப் பாருங்கோ. ஆங்கிலம் கஷ்டம் எண்டால் எனக்குத் தனிமடல் போடுங்கோ, நான் உங்களோட லைனில நிண்டு கதைக்கிறன்.

குழாய்வெல்டர்

யாழ்க்காற்று அண்ணாவுக்கு முதலில் நன்றி. நேற்று இரவு அவரும் நானும் சேர்ந்தே கூப்பிட்டோம். கம்பெனி உண்மையிலேயே இருக்கிறது. ஆபீஸில் ஒரு அம்மா எடுத்தார். என் பெயரைச் சொன்னதும் "அப்படி யாருக்கும் நாங்கள் ஆஃபர் கொடுக்கவில்லை" என்றார். இப்போது வெளிநாட்டு ஆள் எடுப்பதே இல்லையாம். அந்தத் தாளைத் தனக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. லோகோ அவர்களுடைய பழைய லோகோ, கையெழுத்துப் போட்டிருப்பதாகக் காட்டியவர் அங்கே வேலை செய்ததே இல்லை.

500 போனது போகட்டும். 5,000 கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. இனி நேர் வழியில் முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

கோப்புமேசை

ஜாப் பேங்கிலேயே தொடங்குங்கள். வெளிநாட்டு விண்ணப்பதாரர்களை ஏற்கத் தயாராக இருக்கும் முதலாளிகளை அதில் தனியாக வடிகட்டிப் பார்க்கலாம். கனடா அரசின் தொழில் பட்டியலில் உங்கள் தொழிலுக்கு 72106 என்ற குறியீட்டு எண் உண்டு, வெல்டர்கள் எல்லோரும் அதில்தான் வருவார்கள். அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் பணிகளைப் படித்துவிட்டு, நீங்கள் நிஜமாகச் செய்தவற்றை மட்டும் உங்கள் சுயவிவரத்தில் விரிவாக எழுதுங்கள்.

பனிப்புல்வெளி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அல்பர்டாவில் வெல்டர் வேலை தொழில் சான்று இல்லாமல் செய்ய முடியாத வேலைகளில் ஒன்று. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும், விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்த மாகாணத்தின் விதியைப் பாருங்கள். விசா கிடைத்தும் டார்ச்சைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பால்பண்ணை

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு ஏஜென்ட் பிரச்சினை இல்லை. மனிடோபாவில் ஒரு பால் பண்ணை முதலாளி நேரடியாக எடுத்தார், எல்எம்ஐஏ சரியாக இருக்கிறது, ஒரு பைசா வாங்கவில்லை. ஆனாலும் பெர்மிட் இரண்டு முறை மறுக்கப்பட்டுவிட்டது. முதல் முறை "தங்கும் காலம் முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்று திருப்தி இல்லை" என்று வந்தது. இரண்டாவது முறை "இந்த வேலையைச் செய்யும் திறன் இருப்பதாக நிரூபிக்கவில்லை". நான் 11 வருடமாக மாட்டுப் பண்ணையில் இருக்கிறேன். இதற்கு மேல் என்ன நிரூபிப்பது?

ஒருவர், "வேறு நாட்டில் முன்பு விசா மறுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடு, அதனால்தான் மறுக்கிறார்கள்" என்கிறார். அதுவும் உண்மையா?

கோப்புமேசை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். இல்லை என்று எழுதிப் பிடிபட்டால் குடியேற்றச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி 5 வருடம் தடை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு கனடா குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கிறது. மறுப்பைச் சொல்வதால் விண்ணப்பம் கெடாது, மறைத்தால் கெட்டுவிடும். அப்படி அறிவுரை சொன்னவரிடம் இனி எதுவும் கேட்காதீர்கள்.

இப்போது மறுப்புக் கடிதம். உங்களுக்கு வந்ததில் இருப்பது அச்சடித்த ஒற்றை வரிக் காரணம். அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது கணினியில் அவர் எழுதி வைத்த குறிப்பில் இருக்கும். கனடாவில் இருக்கும் ஒருவர் மூலமாக, உங்கள் சம்மதப் படிவத்தோடு, 5 டாலர் கட்டி அந்தக் குறிப்பைக் கேட்டுப் பெறலாம். உங்கள் முதலாளியே செய்யலாம். அதைப் பார்க்காமல் மூன்றாவது முறை போடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள்.

பால்பண்ணை

"மேற்படி நபர் எங்கள் பண்ணையில் கடந்த 11 ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறார். நன்னடத்தை உடையவர்." கீழே முதலாளி கையெழுத்து. இவ்வளவுதான்.

கோப்புமேசை

அதிகாரி இருக்கையில் உட்கார்ந்து இந்த இரண்டு வரியைப் படித்துப் பாருங்கள். அந்த 11 வருடத்தில் நீங்கள் மாட்டைத் தொட்டீர்களா, கணக்கு எழுதினீர்களா, காவலுக்கு நின்றீர்களா? அவருக்குத் தெரியாது. அவர் உங்களை நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் முன்னால் இருப்பது இந்தத் தாள்கள் மட்டும்தான்.

முதலாளியிடம் போய் வேறு கடிதம் வாங்குங்கள். எத்தனை மாடு, கையால் கறவையா மெஷின் கறவையா, காலையில் எத்தனை மணிக்குத் தொடக்கம், மடிவீக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், கன்று ஈனும்போது பக்கத்தில் நின்றது யார், எந்தக் கருவியை யார் கழுவுவது, வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் வரட்டும். கூடவே சம்பளம் ஏறிய பேங்க் பதிவு. கையில் கொடுத்த சம்பளம் என்றால் அதையும் கடிதத்திலேயே சொல்லட்டும்.

முதல் மறுப்புக்கான காரணம் வேறு. திரும்பிப் போவீர்களா என்ற கேள்விக்கு "கட்டாயம் திரும்புவேன்" என்று சத்தியம் செய்து எழுதினால் போதாது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சொத்து, முன்பு வெளிநாடு போய் விசா முடிவதற்குள் திரும்பிய முத்திரை, இவற்றை விளக்கக் கடிதத்தில் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தாளை இணைக்க வேண்டும். பின்னாளில் நிரந்தரமாகக் குடியேற ஆசை இருப்பது குற்றம் இல்லை. சட்டத்தின் 22-ஆவது பிரிவே இரட்டை நோக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்பிவிடுவீர்கள் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும். ஆகவே அந்த ஆசையை மறைத்துப் பொய் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு படிவத்தில் வேலையை விட்டது மார்ச் என்றும் இன்னொன்றில் மே என்றும் எழுதிவிடுவார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்களை வெற்றாக விட்டுவிடுவார்கள். வீட்டில் இருந்தேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் பார்த்துக்கொண்டேன் என்றால் அதையே எழுதுங்கள். வெற்றிடம் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போவதென்றால், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் கெடு. ஆனால் உங்கள் விஷயத்தில் தாள்கள்தான் போதவில்லை. எல்எம்ஐஏ தேதி முடிவதற்குள் நல்ல விண்ணப்பமாகத் திரும்பப் போடுவதுதான் நல்லது என்பேன்.

பால்பண்ணை

அக்கா, இதுவரை இப்படி யாரும் உடைத்துச் சொன்னதில்லை. நாளைக்கே பண்ணைக்குப் போகிறேன். குறிப்பைக் கேட்கும்படி மனிடோபா முதலாளிக்கும் மெயில் போட்டுவிட்டேன்.

வந்துசேர்ந்தவன்

இரண்டு நாளாக இந்த இழையை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் முன்பு எழுதியதில் பாதியைத்தான் சொன்னேன். கடனை அடைக்க எனக்கு இரண்டரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் ஓவர்டைம் பணம் கொடுக்காதபோது கேட்கவில்லை, கையில் அடிபட்டபோதும் யாரிடமும் சொல்லவில்லை. என் தம்பி இப்போது வர நினைக்கிறான். அவனுக்கு நான் பணம் கொடுத்து வந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்காக நானும் ஜாப் பேங்கில் தேடுகிறேன்.

குழாய்வெல்டர்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று சஸ்காட்செவன் வந்து சேர்ந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மொத்தம் 63 இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். 5 பேர் பதில் போட்டார்கள், 2 பேர் வீடியோவில் பேசினார்கள். எடுத்தவர் வெல்டிங் ஃபோர்மேன். பட்டறையில் நின்றுகொண்டே பேசினார். ரூட் பாஸ் (மூட்டின் முதல் அடுக்கு) ஓட்டும்போது பைப்புக்கு உள்ளே ஆர்கான் வாயுவை எப்படி விடுவாய், டக் (தற்காலிக ஒட்டு) எத்தனை இடத்தில் போடுவாய் என்று கேட்டார். வெட்டி வளைத்துச் சோதித்த துண்டுகளின் படங்களை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒப்பந்தம் வந்தது. பிறகு எல்எம்ஐஏ, நம்பர் எதுவும் மறைக்காமல், கம்பெனி மெயிலிலிருந்தே வந்தது.

ஒரு விஷயம் எல்லோருக்கும் பயன்படும். என் பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் பாக்கி இருந்தது. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் பெர்மிட் கொடுக்க மாட்டார்கள் என்று கோப்புமேசை அக்கா தனிமடலில் சொன்னார். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். இல்லையென்றால் 2 வருட வேலைக்கு 14 மாதப் பெர்மிட்தான் கிடைத்திருக்கும்.

அப்புறம், நமக்கு ஊரிலேயே வரும் அனுமதிக் கடிதம் பெர்மிட் இல்லை. பெர்மிட்டைக் கனடாவில் இறங்கும் இடத்தில் எல்லை அதிகாரி அச்சடித்துக் கொடுக்கிறார். எனக்குக் கொடுத்த தாளை அங்கேயே நின்று படித்தேன். பெயர், பிறந்த தேதி, முதலாளி எல்லாம் சரி. முடியும் தேதியில் வருடம் ஒன்று குறைந்திருந்தது. எல்எம்ஐஏ கடிதத்தைக் காட்டி மரியாதையாகக் கேட்டேன். அவரும் பார்த்துவிட்டுத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தார். கவுன்ட்டரை விட்டு நகர்ந்திருந்தால், அதைத் திருத்த எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

யாழ்க்காற்று

தம்பி, வாசிக்கச் சரியான சந்தோசம். சின் நம்பர், அதுதான் வேலை செய்யிறதுக்கு அரசாங்கம் தாற எண், எடுத்திட்டீங்களோ? 9இல தொடங்கும், பெர்மிட் முடியிற திகதியோட அதுவும் முடியும். நீட்டிக்கிறதெண்டால் பெர்மிட் முடிய முதலே அப்ளை பண்ணுங்கோ, முடிவு வரும்வரைக்கும் அதே நிபந்தனையில தொடர்ந்து வேலை செய்யலாம்.

குழாய்வெல்டர்

இன்று காலையில் போய் எடுத்துவிட்டேன் அண்ணா. திங்கட்கிழமை பட்டறையில் டெஸ்ட் வைக்கிறார்கள். பால்பண்ணை அண்ணா, உங்கள் மூன்றாவது விண்ணப்பம் என்ன ஆனது?

பால்பண்ணை

எல்எம்ஐஏ தேதி முடிவதற்குள் போட்டுவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. அதிகாரியின் குறிப்பு வந்தது, "பணிகளின் விவரம் இல்லை" என்றுதான் எழுதியிருந்தார், அக்கா சொன்ன அதே விஷயம். புதுக் கடிதம் இரண்டு பக்கம் வந்திருக்கிறது. மாடுகளின் எண்ணிக்கையை எழுதும்போது பண்ணை முதலாளியே எழுந்து போய்த் தொழுவத்தில் எண்ணிவிட்டு வந்தார், 64. பயோமெட்ரிக் பழையதே 10 வருடம் செல்லும் என்பதால் மறுபடி கூப்பிடவில்லை. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.